வீட்டில் செய்யும் புரோட்டீன் பார்: முதலில் கணக்கு, பிறகு ஈரம்

ஓட்ஸ், பேரீச்சம்பழம், வேர்க்கடலை வெண்ணெய், தேன், பாதாம் ஆகியவற்றைச் சேர்த்து வீட்டிலேயே புரோட்டீன் பார் செய்துவரும் ஒருவர், முதல் முறை செய்தவை கையில் எடுத்ததுமே உதிர்ந்துவிட்டதாகவும், புரதத் தூள் சேர்த்துச் செய்த இரண்டாம் முறை முதல் நாள் மென்மையாக இருந்து நான்காம் நாள் கடிக்கவே முடியாதபடி இறுகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். ஒரு துண்டில் உண்மையில் எவ்வளவு புரதம் இருக்கிறது, தூள் சேர்க்காமல் செய்ய வழி உண்டா, எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவை அவருடைய கேள்விகள். முதல் முறை அவர் பயன்படுத்திய அளவுகள்: ஓட்ஸ் 200 கிராம், வேர்க்கடலை வெண்ணெய் 150 கிராம், பேரீச்சம்பழம் 200 கிராம், தேன் 100 கிராம், பாதாம் 50 கிராம். இதைப் பத்துத் துண்டுகளாக வெட்டியிருக்கிறார்.

இந்தக் கேள்விகளை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். புரதம் எவ்வளவு என்பது கூட்டல் கணக்கு. உதிர்வதும் இறுகுவதும் ஈரத்தைப் பற்றியவை. கணக்கைப் போடாமல் அடுப்பருகே போவதுதான் வீட்டில் பார் செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு என்பது என் அனுபவம். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நூறு கிராம் ஓட்ஸில் ஏறத்தாழ 13 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலை வெண்ணெயில் 25 கிராம், பாதாமில் 21 கிராம், பேரீச்சம்பழத்தில் 2 கிராம். தேனில் கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. அவருடைய அளவுகளோடு இவற்றைப் பெருக்கினால் ஓட்ஸிலிருந்து 26, வேர்க்கடலை வெண்ணெயிலிருந்து சுமார் 37, பாதாமிலிருந்து 10, பேரீச்சம்பழத்திலிருந்து 4 என மொத்தம் ஏறத்தாழ 78 கிராம் வருகிறது. பத்துத் துண்டுகளுக்குப் பங்கிட்டால் ஒரு துண்டுக்கு 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அதே துண்டில் ஏறத்தாழ 280 கிலோகலோரி ஆற்றலும், பேரீச்சம்பழத்திலிருந்தும் தேனிலிருந்தும் மட்டுமே 20 கிராமுக்கு மேல் சர்க்கரையும் இருக்கின்றன.

எட்டு கிராம் என்பது அதிகமா குறைவா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் புரதத்துக்காக நாம் எத்தனை கலோரி சாப்பிட வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வகுத்த அளவுகோல் எனக்கு மிகவும் பயன்படுகிறது. ஓர் உணவின் மொத்த ஆற்றலில் குறைந்தது 12 விழுக்காடு புரதத்திலிருந்து வந்தால்தான் அதைப் புரதம் தரும் உணவு என்று சொல்லலாம். 20 விழுக்காடு வந்தால்தான் புரதம் மிகுந்த உணவு என்று சொல்லலாம். ஒரு கிராம் புரதம் 4 கிலோகலோரி தருகிறது. எட்டு கிராமுக்கு 32. அதை 280ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11 விழுக்காடு. ஆகவே அவர் முதலில் செய்தது, சுவையாகவும் சத்தாகவும் இருந்திருக்கும் என்றாலும், புரோட்டீன் பார் என்ற பெயருக்குரிய கீழெல்லையைக்கூடத் தொடவில்லை. அது ஆற்றல் தரும் பார்.

ஆற்றல் பாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கென ஒரு வேலை இருக்கிறது. நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கும் மலையேறுபவர்களுக்கும் உடனே எரியக்கூடிய மாவுச்சத்துத்தான் வேண்டும். 1986இல் பவர்பார் நிறுவனத்தைத் தொடங்கிய பிரையன் மாக்ஸ்வெல் கனடாவைச் சேர்ந்த மாரத்தான் ஓட்டக்காரர். ஓட்டத்தின் பிற்பகுதியில் சக்தி தீர்ந்துபோவதற்குத் தீர்வு தேடித்தான் அவர் அந்தப் பாரை உருவாக்கினார். இன்று கடைகளை நிறைக்கும் பார் வகைகளுக்கு அது ஒரு முன்னோடி. அதன் நோக்கம் ஆற்றல்தான். புரதத்தை முன்னிறுத்தும் பாருக்கு நோக்கம் வேறு என்பதால் செய்முறையும் வேறாகத்தான் இருக்க வேண்டும். பேரீச்சம்பழத்தையும் தேனையும் குறைக்காமல் மேலே ஒரு கரண்டி தூளைத் தூவினால் அந்த மாற்றம் வந்துவிடாது.

இனி நான் பரிந்துரைக்கும் அளவைத் தருகிறேன். எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எடுக்க வேண்டும். கோப்பை அளவு இங்கே உதவாது. ஒரே கோப்பையில் தளர்வாக அள்ளிய தூளுக்கும் அழுத்தி அள்ளிய தூளுக்கும் எடை கணிசமாக வேறுபடும். புரதத் தூள் டப்பாவுக்குள் வரும் கரண்டியும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

78 விழுக்காடு அளவில் புரதமுள்ள வே புரதத் தூள் (வே என்பது பால் திரியும்போது பிரியும் தெளிநீர்) 150 கிராம், உப்பும் சர்க்கரையும் சேராத வேர்க்கடலை வெண்ணெய் 150 கிராம், ஓட்ஸ் 120 கிராம், கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 120 கிராம், தேன் 60 கிராம், பூசணி விதை 40 கிராம், கால் தேக்கரண்டி உப்பு, 40 மில்லிலிட்டர் அளவில் வெந்நீர். இதில் தூளிலிருந்து சுமார் 117 கிராம் புரதம் வருகிறது. வேர்க்கடலை வெண்ணெயிலிருந்து 37, ஓட்ஸிலிருந்து 16, பூசணி விதையிலிருந்து 12, பேரீச்சம்பழத்திலிருந்து 2. மொத்தம் 184 கிராம். பத்துத் துண்டுகளாக்கினால் ஒன்றுக்கு 18 கிராம். ஆற்றல் ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 270 கிலோகலோரி. முன்பு செய்ததைவிடக் கலோரி சற்றுக் குறைந்திருக்கிறது. புரதமோ இரு மடங்கைத் தாண்டியிருக்கிறது. ஆற்றலில் புரதத்தின் பங்கு 27 விழுக்காடு அளவில் வருகிறது. உங்களிடம் உள்ள தூளின் அட்டையில் நூறு கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று அச்சிட்டிருக்கிறதோ அந்த எண்ணை வைத்து இந்தக் கூட்டலை ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். சில தூள்களில் சர்க்கரையும் கொக்கோவும் மாவும் கலந்து புரதம் 60 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியிருக்கும்.

செய்முறையில் வரிசைதான் முக்கியம். ஓட்ஸை வெறும் வாணலியில் மெல்லிய தீயில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிட்டு, பாதியை மாவாக அரைத்துக்கொண்டு மீதிப் பாதியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். முழுவதையும் அரைத்தால் பார் களிபோல் ஆகிவிடும். முழுவதையும் அரைக்காமல் விட்டால் துண்டு சேர்ந்து நிற்காது. பேரீச்சம்பழத்தைப் பத்து நிமிடம் வெந்நீரில் ஊறவைத்து வடித்து, மேலே சொன்ன 40 மில்லிலிட்டர் நீரோடு மையாக அரைக்க வேண்டும். வேர்க்கடலை வெண்ணெயையும் தேனையும் ஒரு பாத்திரத்தில் சேர்த்து, இளகி ஓடும் அளவுக்கு மட்டும் சூடாக்கி அடுப்பிலிருந்து இறக்கி, உப்பையும் பேரீச்சை விழுதையும் கலந்துவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு இது ஆறிய பிறகே புரதத் தூளைச் சேர்க்க வேண்டும். வே புரதத்தின் பெரும்பகுதியான பீட்டா லாக்டோகுளோபுலின் 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலிருந்து சுருண்ட வடிவம் அவிழ்ந்து ஒன்றோடொன்று பிணையத் தொடங்குகிறது. கொதிக்கும் பாகில் தூளைக் கொட்டினால் ரப்பர்போன்ற கட்டிகள் விழுவதற்கு இதுவே காரணம். தூள் முழுவதும் கலந்த பின்னர் ஓட்ஸையும் பூசணி விதையையும் சேர்த்துக் கையால் பிசையுங்கள்.

பிசைந்தவுடன் தண்ணீர் போதுமா போதாதா என்று முடிவு செய்யாதீர்கள். மாவை மூடிப் பத்து நிமிடம் விட்டுவிட்டுப் பிறகு ஒரு சிறு உருண்டை பிடித்துப் பாருங்கள். தூளும் ஓட்ஸும் ஈரத்தை இழுத்துக்கொள்ள நேரம் பிடிக்கிறது. முதலில் ஒட்டுகிற மாவு பத்து நிமிடத்தில் பதமாகிவிடும், முதலில் பதமாகத் தெரிகிற மாவு பத்து நிமிடத்தில் வெடிக்கத் தொடங்கும். உருண்டையின் ஓரங்களில் வெடிப்பு தெரிந்தால் ஒரு தேக்கரண்டி வெந்நீர் சேர்த்து மீண்டும் பிசைந்து பாருங்கள். பதம் என்று நான் சொல்வது, விரலால் அழுத்தினால் தடம் நிற்க வேண்டும், ஆனால் விரலில் மாவு ஒட்டி வரக்கூடாது என்ற நிலையை.

இருபது சென்டிமீட்டர் சதுரத் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து மாவைக் கொட்டி, மேலே இன்னொரு தாளை வைத்து, தட்டையான அடியுள்ள கனமான பாத்திரத்தால் மூலைவரை அழுத்துங்கள். இந்த அளவுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் வரும். அழுத்துவதில் சோம்பல் காட்டக்கூடாது. உள்ளே காற்று நின்ற இடத்திலிருந்துதான் துண்டு உடையும். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு நீளமான கத்தியால் ஒரே அழுத்தாக வெட்ட வேண்டும். முன்னும் பின்னும் அறுத்தால் ஓரம் பிசிறும்.

கேள்வி கேட்டவரின் முதல் முறைப் பார் உதிர்ந்ததற்கான காரணம் இப்போது விளங்கும். அவருடைய அளவில் பசைத்தன்மையுள்ள பொருட்கள் குறைவு என்று சொல்ல முடியாது; மொத்த எடையில் பாதிக்கு மேல் அவைதான். பேரீச்சம்பழத்தை ஊறவைத்து அரைக்காமல் துண்டுகளாகவே போட்டிருந்தாலும், ஓட்ஸை முழுவதும் அரைக்காமல் சேர்த்திருந்தாலும், போதிய அழுத்தம் கொடுக்காமல் வெட்டியிருந்தாலும் பார் உதிரும். பேரீச்சம்பழம் துண்டாக இருக்கும்போது வெறும் இனிப்புத்தான். விழுதாகும்போதுதான் அது பிணைப்புப் பொருளாகிறது.

இறுகுவது இதைவிடச் சிக்கலான பிரச்சினை. பெரிய தொழிற்சாலைகளும் இதோடு போராடுகின்றன. நடப்பது என்னவென்றால், நாம் பிசையும் நேரத்தில் புரதத் துகள்கள் முழுமையாக நீரேறியிருப்பதில்லை. வெளிப்பார்வைக்கு மாவு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உலர்ந்த துகள்களும் அவற்றைச் சூழ்ந்த இனிப்புப் பாகும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. அடுத்து வரும் நாட்களில் துகள்கள் பாகிலிருந்து மெல்ல மெல்ல நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. நீரை இழந்த பாகு கெட்டிப்படுகிறது. பருத்த துகள்கள் ஒன்றையொன்று தொட்டு, அவற்றிலுள்ள கந்தகப் பிணைப்புகளின் வழியாகவும் பிற ஈர்ப்புகளாலும் ஒரு வலைபோல் பிணைந்துவிடுகின்றன. மொத்தத் தண்ணீர் ஒரு துளியும் வெளியேறாமல், காற்றுப் புகாத உறைக்குள்ளேயே பார் கல்லாக முடிவது இதனால்தான். வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களில் ஒன்றான லைசினும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், லாக்டோஸ் போன்ற சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பேறும் மேயார் வினையும் நடக்கும்; நிறம் கறுப்பதோடு இறுக்கமும் கூடும்.

காரணம் தெரிந்தால் மருந்தும் தெரிகிறது. துகள்கள் பின்னால் திருடப்போகும் நீரை முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். மேலே சொன்ன அளவில் பேரீச்சை விழுதும் வெந்நீரும் அதற்காகத்தான் இருக்கின்றன. தூளின் அளவுக்கும் ஒரு வரம்பு வேண்டும். மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கைத் தூள் தாண்டிய ஒவ்வொரு முறையும் எனக்குப் பார் சீக்கிரம் இறுகியிருக்கிறது. ஒரு துண்டில் 25 கிராம் புரதம் வேண்டும் என்று ஆசைப்பட்டுத் தூளைக் கூட்டுபவர்கள், அதைவிடப் பாரோடு ஒரு கோப்பைப் பால் குடிப்பது நல்லது.

இனிப்பின் வகையும் முக்கியம். வெள்ளைச் சர்க்கரைப் பாகு ஆறும்போது மீண்டும் படிகமாகிப் பாரை நொறுங்கச் செய்யும். தேனிலும் பல வகைப் பேரீச்சம்பழங்களிலும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தனித்தனியாக இருப்பதால் அவை ஈரத்தைப் பிடித்துவைக்கின்றன. சர்க்கரை வேண்டாம் என்று எரித்ரிட்டால் போன்ற மாற்று இனிப்புகளைச் சேர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எரித்ரிட்டால் எளிதில் படிகமாகும், வாயில் மணல்போல் நெருடும், பாரும் விறைத்துப்போகும். மால்டிட்டால் அமைப்பில் மென்மையாக இருக்கும், ஆனால் அளவு கூடினால் வயிறு உப்பி மலம் இளகும். சைலிட்டால் சேர்ப்பதாக இருந்தால் வீட்டில் நாய் இருக்கிறதா என்று யோசியுங்கள்; மனிதர்களுக்குத் தீங்கில்லாத அளவே நாய்க்கு உயிராபத்தாகலாம்.

இன்னொரு வழி, ஒரே வகைப் புரதத்தை நம்பாமல் இரண்டைக் கலப்பது. வே புரதம் முதலில் ஒட்டும், பிறகு இறுகும். பாலின் மற்றொரு புரதமான கேசீன் நீரை உடனே நிறையக் குடித்து முதலிலேயே கெட்டியான மாவாகிவிடும். சோயா, பட்டாணிப் புரதங்களும் தாகம் மிகுந்தவை. வே புரதத்துக்குப் பதிலாக அதே எடையில் பட்டாணிப் புரதத்தைப் போட்டால் மாவு மணலாக உதிரும், 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை கூடுதல் நீர் கேட்கும். என் விருப்பம், வே புரதம் 100 கிராம், கேசீன் அல்லது சோயாப் புரதம் 50 கிராம். முன்கூட்டியே சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட, அதாவது நீராற்பகுத்த புரதங்கள் பாரை நீண்ட நாள் மென்மையாக வைக்கின்றன. ஆனால் அவை கசக்கும்.

மென்மைக்காகக் கொலாஜன் (விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் புரதம்) தூள் சேர்க்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அமைப்பைப் பொறுத்தவரை அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற இன்றியமையாத அமினோ அமிலம் அறவே இல்லை. எனவே புரதத் தர அளவீட்டில் அதன் மதிப்பு பூஜ்யம். அட்டையில் 20 கிராம் புரதம் என்று போட்டு அதில் பாதி கொலாஜனாக இருந்தால், தசைக்குக் கிடைப்பதை அந்த எண் சொல்லவில்லை. பிற உணவுகளிலிருந்து டிரிப்டோஃபான் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் கணக்குப் போடும்போது கொலாஜனைத் தனியாகவே எழுதிவையுங்கள்.

ஏற்கெனவே இறுகிவிட்ட பார்களைத் தூக்கி எறிய வேண்டாம். மைக்ரோவேவில் பத்து நொடி வைத்தால் ஒரு வேளைக்கு இளகும். அல்லது நொறுக்கிக் காலை ஓட்ஸ் கஞ்சியில் போட்டுவிடலாம். மீண்டும் அரைத்துப் புதிய பார் செய்ய முயல்வது வீண்; ஒருமுறை பிணைந்த வலை அவிழ்வதில்லை.

தூளே வேண்டாம் என்பவர்களுக்கு வழி உண்டு. ஆனால் வெறும் ஓட்ஸையும் பருப்பு விதைகளையும் வைத்து அது நடக்காது. பாதாமும் வேர்க்கடலையும் புரத உணவுகள் என்று பெயர் பெற்றிருந்தாலும் எடையில் பாதி கொழுப்பு. அவற்றைக் கூட்டினால் புரதத்தைவிட வேகமாகக் கலோரி ஏறும். கொழுப்பு நீக்கிய சோயா மாவில் நூறு கிராமுக்கு 50 கிராம் அளவில் புரதம் இருக்கிறது, கொழுப்பு நீக்கிய பால் பவுடரில் 35 கிராம், பூசணி விதையில் 30 கிராம். சோயா மாவு 100 கிராம், பால் பவுடர் 60 கிராம், வேர்க்கடலை வெண்ணெய் 150 கிராம், ஓட்ஸ் 80 கிராம், பூசணி விதை 50 கிராம், பேரீச்சம்பழம் 120 கிராம், தேன் 70 கிராம் என்று எடுத்தால் மொத்தம் 135 கிராம் புரதம், துண்டுக்கு 13 கிராமுக்கு மேல். ஆற்றல் ஏறத்தாழ 256 கிலோகலோரி. புரதத்தின் பங்கு 20 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டுகிறது. சோயா மாவு நீரை அதிகம் குடிக்கும் என்பதால் வெந்நீரை 60 மில்லிலிட்டரில் தொடங்கிப் பதம் பார்த்துக் கூட்டுங்கள். சோயா மாவு வறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம். பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் டிரிப்சின் தடுப்பான்கள் இருக்கின்றன. பச்சை வாடையும் போகாது. அதேபோல் கோதுமை மாவை வேகவைக்காமல் எந்தப் பாரிலும் சேர்க்கக்கூடாது. பச்சை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். ஓட்ஸ் ஆவியில் வெந்து தட்டையாக்கப்பட்டுத்தான் விற்பனைக்கு வருகிறது என்பதால் அந்தக் கவலை அதற்கு இல்லை.

இந்தக் கலவைக்குத் தரத்திலும் ஒரு நன்மை இருக்கிறது. ஓட்ஸிலும் வேர்க்கடலையிலும் லைசின் என்ற அமினோ அமிலம் தேவையைவிடக் குறைவு. பாலும் சோயாவும் லைசின் நிறைந்தவை. எனவே ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இதை ஒரே துண்டுக்குள்தான் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஒரு நாளின் மொத்த உணவில் சரியானால் போதும்.

சூட்டில் புரதம் அழிந்துவிடும் என்று அஞ்சி, ஓவனில் சுடும் பார்களைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் புரதத்தின் வடிவம் திரிகிறது, அமினோ அமிலங்கள் இருக்கின்றன. நம் வயிற்று அமிலமும் அதே வடிவத்தைத்தான் திரிக்கிறது. வெந்த முட்டையில் புரதம் குறைந்துவிடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. நீண்ட நேரம் கடும் சூட்டில் கருக வைத்தால் லைசினில் ஒரு பகுதி கிடைக்காமல் போகும் என்பது மட்டுமே நியாயமான கவலை. சுடும் பார் செய்ய விரும்பினால் நான் முதலில் பரிந்துரைத்த வே புரதக் கலவையில் தேனையும் நீரையும் குறைத்து மூன்று முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்து 160 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம், நடுப்பகுதி இன்னும் சற்று மென்மையாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஆனால் முட்டை சேர்ந்திருப்பதால் நடுப்பகுதி 71 டிகிரியை எட்டியிருக்க வேண்டும். வே புரதம் ஓவனில் மிக எளிதாக வறண்டுவிடும் என்பதால் நான் சுடாத வகையையே விரும்புகிறேன்.

எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்கு மீண்டும் ஈரம்தான் விடை. நுண்ணுயிர்கள் வளர்வதற்கு ஒரு பொருளில் உள்ள மொத்த நீரைவிட, சர்க்கரையிலோ புரதத்திலோ பிணைந்துவிடாமல் தனித்திருக்கும் நீரே முக்கியம். தேன் கெடாமல் இருப்பது அதில் நீர் இல்லாததால் அல்ல. ஏறத்தாழ 17 விழுக்காடு நீர் இருந்தும் அது சர்க்கரையோடு பிணைந்திருப்பதால்தான். நீர் சேர்க்காமல் தேனும் வேர்க்கடலை வெண்ணெயும் மட்டும் கொண்டு பிணைத்த பார் அறை வெப்பத்தில் சில நாட்கள் தாங்கும். ஆனால் நாம் மென்மைக்காக நீரைச் சேர்த்திருக்கிறோம். அதற்கு ஈடாக மேலே தந்த இரு அளவுகளையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் உண்ண வேண்டும். முட்டை சேர்த்தவற்றை நான்கு நாட்களுக்குள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் தாளில் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் இருக்கும், இறுகும் வேகமும் வெகுவாகக் குறையும். இரவில் ஒன்றை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் பதமாகிவிடும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்ய நேரமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் அக்ரூட், அரைத்த ஆளிவிதை ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றின் எண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும்.

மேற்பூச்சுச் சாக்லேட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கொக்கோ வெண்ணெய் 34 டிகிரியை ஒட்டி உருகும், தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகும். ஆகவே பூச்சை இளக்கத் தேங்காய் எண்ணெயை அதிகம் சேர்த்தால் கையில் எடுத்ததும் வழியும். கொக்கோத் தூளை மாவிலேயே கலப்பதானால் 20 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி நீர் கூடுதலாக வேண்டும்.

இனி யாருக்கு எவ்வளவு என்பது. உடல்நலமுள்ள பெரியவருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த போதுமான அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். தொடர்ந்து எடைப் பயிற்சி செய்பவர்களுக்கு விளையாட்டு ஊட்டச்சத்து வல்லுநர்கள் 1.4 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். மூன்று வேளையும் பருப்போ பாலோ முட்டையோ மீனோ சாப்பிடுபவருக்கு இதில் பெரும்பகுதி ஏற்கெனவே கிடைத்துவிடும். அவருக்கு இந்தப் பார் பசி நேரத்தில் பிஸ்கட்டுக்குப் பதிலாக உதவும், அவ்வளவே. உணவைத் தவிர்த்துவிட்டு நாளுக்கு மூன்று பார் தின்பதை நான் ஏற்கமாட்டேன். சிறுநீரக நோயுள்ளவர்கள் புரதத்தின் அளவைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. லாக்டோஸ் செரிக்காதவர்கள் லாக்டோஸ் ஏறத்தாழ முழுவதும் நீக்கப்பட்ட வே ஐசோலேட்டைப் பயன்படுத்திப் பார்க்கலாம். பால் புரதமே ஒவ்வாதவர்களுக்கு எந்த வே தூளும் ஆகாது. அவர்கள் சோயாவுக்கோ பட்டாணிக்கோ போக வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் வெண்ணெய்போல் அரைத்த சூரியகாந்தி விதையைச் சம எடையில் சேர்க்கலாம், பதம் ஏறத்தாழ அதேதான். பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால் உறையின்மேல் வேர்க்கடலை, பால், சோயா ஆகியவற்றில் எது இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். தேன் சேர்ந்த எதையும் ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துணுக்குக்கூடக் கொடுக்கக்கூடாது. தேனிலிருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் வித்துகள் அந்த வயதுக் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும், பாகை இளக்கச் சூடாக்குவதால் அந்த வித்துகள் சாவதில்லை.

கேள்வி கேட்டவர் இம்முறை முழு அளவில் இறங்காமல் எல்லாவற்றையும் பாதியாக்கி ஐந்து துண்டு செய்து பார்க்கட்டும். உருண்டை பிடித்துப் பார்த்த பின்னர் எத்தனை தேக்கரண்டி நீர் கூடுதலாகத் தேவைப்பட்டது என்பதை எழுதிவைத்து, ஒரு துண்டை மட்டும் உண்ணாமல் ஏழு நாள் குளிர்சாதனப் பெட்டியில் விட்டு, நாள்தோறும் விரலால் அழுத்திப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்கு முன் இறுகினால் அடுத்த முறை தூளில் 15 கிராமைக் குறைத்து அதே எடைக்குப் பேரீச்சை விழுதைக் கூட்டுங்கள். ஏழாம் நாளும் குழைவாகவே இருந்தால் நீரில் ஒரு தேக்கரண்டியைக் குறைக்கலாம்.